சேற்றைப் படித்த பேராசிரியர் எம். ஓ. பி. அய்யங்கார்



நேப்பியர் பாலத்தின் மேல் பஸ் போகும்போது நாம் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கண்டக்டர் முதல் கைக்குழந்தை வரை இதில் வித்தியாசமே கிடையாது. கீழே ஓடுவது கூவம். அதன் கரையில் கறுப்பாகப் படிந்து கிடப்பது சேறு. அந்தச் சேற்றைப் பார்க்கவே நமக்குப் பிடிக்காது. ஆனால் அதே சேற்றைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு போய், மைக்ராஸ்கோப் அடியில் வைத்து, பருவம் பருவமாகப் பார்த்து, ஐம்பது பக்கத்துக்கு மேல் எழுதி வைத்த ஒரு மனிதர் இதே சென்னையில் இருந்தார். அவர்தான் பேராசிரியர் எம். ஓ. பி. அய்யங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அறிவியல் உலகம் அவரைச் சொல்கிறது.

நம் மலரில் ஒவ்வொரு வருஷமும் விஸ்வேஸ்வரய்யா, சர் சி. வி. ராமன், எடிசன், ஜி. டி. நாயுடு என்று எழுதுகிறோம். அவர்களைப் பற்றித் தெரியாதவர் இல்லை. இந்த முறை நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. சிவில் படிக்கிறவனுக்கும் பாசிக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் கடைசி வரைக்கும் படியுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

பிறப்பும் படிப்பும்

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி அய்யங்கார் 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். மெரினா கடற்கரைக்கு எதிரே சிவப்பாக நிற்கிறதே மாநிலக் கல்லூரி, 1840-ல் தொடங்கியது, அங்கேதான் தாவரவியல் படித்தார். பிறகு அதே கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் தாவரவியல் என்றால் பூக்கிற செடி, காய்க்கிற மரம் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபைசன் என்ற ஆங்கிலேயர் மலைப் பூக்களைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். அய்யங்கார் தேர்ந்தெடுத்த வழியே வேறு. பூ இல்லை, காய் இல்லை, வேர் இல்லை, இலையும் இல்லை. வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. குளத்தில் பச்சையாக மிதக்கும், சுவரில் வழுக்கும், சேற்றின் மேல் பழுப்பாகப் படியும். மற்றவர்கள் தேய்த்துக் கழுவிவிடுகிற பாசியை அவர் வாழ்நாள் படிப்பாக எடுத்துக்கொண்டார்.

குட்டையிலும் கூடத்திலும்

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் எங்கே பார்த்தாலும் குட்டை. நமக்கு அது கொசு. அய்யங்காருக்கு அது ஆராய்ச்சிக்கூடம். மழைக்காலக் குட்டைகளில் வால்வாக்ஸ் என்று ஒரு பாசி உண்டு. நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து ஒரு பச்சைப் பந்து மாதிரி உருண்டுகொண்டே நீந்தும். அந்தப் பந்துக்குள்ளேயே குட்டிப் பந்துகள் உண்டாகும். அவை ஒரு கட்டத்தில் சட்டையைக் கழற்றும்போது உட்புறம் வெளியே வருவது போலப் புரண்டு திரும்பும். இதெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் நடக்கிற நாடகம். சென்னைப் பகுதியின் வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1920-ல் வெளிவந்தது. அதே விஷயத்தை விடாமல் தொடர்ந்து, 1933-ல் லண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் தென்னிந்திய வகைகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

கடல் பாசியையும் அவர் விடவில்லை. ராமநாதபுரம் கடலில் பாம்பன் பக்கத்தில் குருசடைத் தீவு இருக்கிறது. சென்னை அருங்காட்சியகம் அந்தத் தீவின் உயிர்களைப் பற்றி 1927-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டபோது, தாவரப் பகுதியை எழுதியவர்களில் அய்யங்காரும் ஒருவர். டென்மார்க் நாட்டுப் பாசி நிபுணர் பர்கசன் 1939-ல் ஒரு கடல் பாசி இனத்துக்கு அய்யங்காரியா என்று பெயர் வைத்தார். யோசித்துப் பாருங்கள். நாம் பெஞ்சில் பெயரைச் செதுக்கினால் ஃபைன் போடுவார்கள். அவர் பெயரை ஒரு பாசி இனத்தின் மேலேயே உலகம் செதுக்கி வைத்திருக்கிறது!

நாற்பது வயதுக்கு மேல் மாணவர்

அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. நாற்பது வயதைத் தாண்டி, பேராசிரியர் என்ற பெயரும் வாங்கி, ஊரில் மரியாதையும் வந்த பிறகு, 1930-களின் தொடக்கத்தில் அவர் மறுபடியும் மாணவராகக் கப்பல் ஏறினார். லண்டனில் கிழக்கு லண்டன் கல்லூரி என்று ஒன்று இருந்தது. அதுதான் 1934-ல் குயின் மேரி கல்லூரி என்று பெயர் மாறியது. (நம் மெரினாவில் இருக்கிற ராணி மேரி கல்லூரி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்கே ஃபிரிட்ச் என்ற பேராசிரியர் பாசி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். பாசிகளின் அமைப்பையும் இனப்பெருக்கத்தையும் பற்றி அவர் எழுதிய இரண்டு பாகப் புத்தகம் இன்றைக்கும் அந்தத் துறையில் பெரிய நூல். அவரிடம் ஆராய்ச்சி செய்து லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார் அய்யங்கார்.

குருவுக்கு அவர் கொடுத்த தட்சணையும் சேற்றிலிருந்து எடுத்ததுதான். மழைத் தண்ணீர் வற்றி ஈரமாகக் கிடக்கிற வண்டல் மண்ணில் ஒரு புதுப் பாசியைக் கண்டுபிடித்து, 1932-ல் அதற்கு ஃபிரிட்சியெல்லா என்று பெயர் வைத்தார். பல பாசிகள் தண்ணீரில் மிதக்கும். இது மண்ணுக்குள் ஒரு பகுதியும் மண்ணுக்கு மேல் ஒரு பகுதியுமாக வளர்கிறது. உள்ளே கிழங்கு மாதிரிக் கொத்து, மேலே மெல்லிய இழைகள். தண்ணீரில் இருந்த தாவரம் ஆதியில் தரைக்கு எப்படி வந்திருக்கும் என்ற பெரிய கேள்வியைப் பேசும்போதெல்லாம், தாவரவியல் பாடப்புத்தகங்கள் இந்தச் சின்னப் பாசியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுகின்றன. ஈர மண்ணைக் குனிந்து பார்த்ததால் கிடைத்த புகழ் அது.

ஊர் திரும்பிய பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைமை ஏற்றார். பாசி ஆராய்ச்சிக்கு இந்தியாவில் ஒரு முகவரி என்றால் அது சென்னை என்று ஆனது.

ஸ்க்ரூ கேஜில் ஒரு கோடு

இனி கூவத்துக்கு வருவோம். கூவத்தின் சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது? டயாட்டம் இருக்கிறது.

டயாட்டம் என்பது ஒரே ஒரு செல் உள்ள பாசி. நம் மெஷின் ஷாப்பில் ஸ்க்ரூ கேஜ் பிடித்திருப்பீர்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். அதாவது 10 மைக்ரான். பல டயாட்டங்கள் அந்த ஒரு கோட்டின் அளவிலிருந்து பத்துக் கோட்டின் அளவுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சின்ன உயிருக்குக் கண்ணாடி வீடு! நாம் ஜன்னலுக்குப் போடும் கண்ணாடிக்கும் ஆற்று மணலுக்கும் மூலப்பொருளான சிலிக்காதான் அதன் சுவர். சோப்பு டப்பா மாதிரி ஒரு அடிப்பகுதி, அதன் மேல் பொருந்துகிற ஒரு மூடி. அந்தச் சுவர் முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள், கோடுகள். எந்தத் தச்சரும் எந்த லேத்தும் போட முடியாத நுணுக்கம். அந்தக் கோடுகள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் மைக்ராஸ்கோப் லென்ஸின் தரத்தையே ஒரு காலத்தில் சோதித்தார்கள்.

சுவர் கண்ணாடி என்பதால் ஒரு வசதி. சேற்றை அமிலத்தில் போட்டுக் காய்ச்சினால் மற்ற அழுக்கெல்லாம் எரிந்து போகும், டயாட்டத்தின் ஓடு மட்டும் நிற்கும். அதைக் கழுவி ஸ்லைடில் வைத்தால் வடிவத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம். படகு மாதிரி இருப்பது நேவிகுலா. எஸ் எழுத்து மாதிரி வளைந்தது கைரோசிக்மா. வட்டக் காசு மாதிரி இருப்பது சைக்ளோடெல்லா. ஊசி மாதிரி நீண்டவை நிட்சியாவில் உண்டு.

முகத்துவாரச் சேற்றில் வாழும் டயாட்டங்களுக்குக் கால் கிடையாது, ஆனால் நடக்கும்! ஓட்டில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். அதன் வழியாகப் பசை மாதிரி ஒன்றை விட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நழுவி நழுவிப் போகும். பகலில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும்போது வெயில் வாங்க மேலே வரும். தண்ணீர் ஏறுவதற்குள் மறுபடி உள்ளே போய்விடும். ஓதம் வரும் நேரம் அவற்றுக்கு எப்படியோ தெரிகிறது. சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், ஆனாலும் அந்தக் கணக்கு அவற்றுக்குப் போதும்.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பையன். எங்கள் தாத்தா வீச்சுவலை போடுகிறவர். தண்ணீர் வற்றும்போது சேற்றின் மேல் பொன்னிறமாய், பழுப்பாய் ஒரு வழவழப்பு தெரிந்தால், அங்கே மடவை மீன் மேய வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில்தான் வலை விழும். அந்தப் பழுப்பு வழவழப்பின் பெரும்பகுதி டயாட்டம்தான் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மடவை உண்மையிலேயே சேற்றின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும் மீன். டயாட்டம் அதற்குச் சோறு. அய்யங்கார் மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது. முதலில் படிக்க வந்தவன் நான்தான். ஆனால் சேறு எங்களுக்குப் புதிதில்லை. தாத்தா மேலிருந்து பார்த்ததை அவர் லென்ஸ் வழியாகப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது.

பெட்டிக்குள் பெட்டி

டயாட்டத்தைப் பற்றி ஒரு புதிர் உண்டு. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும். ஒரு டயாட்டம் இரண்டாகப் பிரியும்போது, டப்பாவின் மூடி ஒரு பிள்ளைக்கும் அடிப்பகுதி இன்னொரு பிள்ளைக்கும் போகும். இரண்டு பிள்ளைகளுமே தமக்குக் கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு, உள்ளே பொருந்துகிற மாதிரி ஒரு புது அடிப்பகுதியைச் செய்துகொள்ளும். அப்படியானால் அடிப்பகுதியை வாங்கிய பிள்ளை பெற்றோரைவிடக் கொஞ்சம் சிறியது. அதன் பிள்ளை இன்னும் சிறியது. கண்ணாடி நீளாது, விரியாது. இப்படியே போனால் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்து ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் போக வேண்டாமா?

போவதில்லை. ஒரு அளவுக்குக் கீழே சிறுத்ததும், பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீங்கிப் பெரிதாகி, பழைய பெரிய அளவில் புது ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. இந்த நேரத்தில் செல்லுக்குள் என்ன நடக்கிறது, குரோமோசோம் எப்படிப் பாதியாகிறது என்பது அந்தக் காலத்தில் சிக்கலான விஷயம். அய்யங்காரும் அவர் மாணவர் ஆர். சுப்பிரமணியனும் சைக்ளோடெல்லாவை வைத்து இதை ஆராய்ந்து, 1940-களில் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். உலகம் இரண்டாம் உலகப் போரில் எரிந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சென்னையில் உட்கார்ந்து, ஸ்க்ரூ கேஜின் ஒன்றிரண்டு கோட்டு அளவுள்ள ஒரு உயிருக்குள் நடப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர்.

கூவம் ஆராய்ச்சி

ஜி. வெங்கட்ராமன் என்பவர் தென்னிந்திய டயாட்டங்களைப் பற்றி 1939-ல் ஒரு பெரிய கட்டுரை எழுதியவர். அவரோடு சேர்ந்து அய்யங்கார் கூவம் ஆற்றின் பாசிகளை, முக்கியமாக டயாட்டங்களை, பருவத்துக்குப் பருவம் எது வருகிறது, எது போகிறது என்று ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 1951-ல் சென்னைப் பல்கலைக்கழக இதழில் வெளிவந்தது.

ஏன் கூவம்? அது லேசான ஆறு இல்லை நண்பர்களே. சிவில் மாணவர்களுக்கு இது நல்ல பாடம். நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டியபோது, அந்த மணல் ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. துறைமுகத்துக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் கூவம் முகத்துவாரத்தில் மணல் திட்டு மேடிட்டு வாயை அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் திட்டு உடையும், நல்ல தண்ணீர் ஓடும். பிறகு கடல் நீர் உள்ளே வரும். கோடையில் வாய் மூடிக்கொள்ளும், தண்ணீர் தேங்கும், ஊர்க் கழிவும் சேரும். ஒரே இடம்தான், ஆனால் ஒரு வருஷத்துக்குள் நன்னீர், உப்புநீர், சாக்கடை என்று மூன்று வேஷம் போடும். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு கூட்டம் டயாட்டம் உண்டு. உப்புக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று, அழுக்குக்கு ஒன்று. தண்ணீரைச் சோதிக்கிற கருவி சோதிக்கும் அந்த நிமிஷத்தின் கதையை மட்டும் சொல்லும். டயாட்டம் கூட்டம் போன சில வாரங்களின் கதையையும் சேர்த்துச் சொல்லும். நிட்சியா பேலியா என்ற வகை ஒரு தண்ணீரில் ஏராளமாக இருந்தால், அங்கே கழிவு கலந்திருக்கிறது என்று இன்று உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுவார்கள்.

இந்தக் கட்டுரை இப்போது எதற்கு என்று கேட்கலாம். கூவத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அடையாற்றை மீட்க வேண்டும் என்று எத்தனையோ திட்டங்கள் வந்திருக்கின்றன. 2011-ல் திறந்த அடையாறு பூங்கா அப்படிக் குப்பை மேட்டிலிருந்து மீட்ட இடம்தான், 58 ஏக்கர். ஆனால் மீட்பது என்றால் எந்த நிலைக்கு மீட்பது? நம் வயசுக்காரர்கள் எவரும் கூவத்தை நல்ல ஆறாகப் பார்த்ததில்லை. ஒரு கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் பழைய பிளான் வேண்டும். ஆற்றுக்குப் பழைய பிளான் எது? யாரோ ஒருவர் எழுபது, எண்பது வருஷத்துக்கு முன்னால் குனிந்து, எடுத்து, பார்த்து, எழுதி வைத்ததுதான். அந்த வேலை அன்று நடந்திருக்காவிட்டால், எவ்வளவு பணம் கொட்டினாலும் இன்று அதைச் செய்ய முடியாது. போன வருஷத்துத் தண்ணீரை யாரால் மறுபடி மொள்ள முடியும்?

டிப்ளமோவுக்கு என்ன பயன்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். தொட்டால் வெடிக்கிற நைட்ரோகிளிசரினை அடக்க அவர் பயன்படுத்தியது, செத்துப்போன டயாட்டங்களின் ஓடுகள் படிந்து உண்டான மண். அந்த மண்ணைத்தான் எண்ணெய், பானங்கள் வடிகட்டும் ஆலைகளில் ஃபில்டராகப் பயன்படுத்துகிறார்கள். கெமிக்கல் பிரிவு நண்பர்கள் வேலைக்குப் போனால் சாக்கு சாக்காகப் பார்ப்பார்கள்.

சிவில்காரர்களுக்கு: மெக்சிகோ நகரத்தின் அடியில் இருக்கும் களிமண்ணில் டயாட்டம் ஓடுகள் கலந்திருக்கின்றன. ஓட்டின் துளைகளில் தண்ணீர் தங்குவதால் அந்த மண்ணின் நீர் எல்லை சாதாரணக் களிமண்ணைவிட மிக அதிகம். நாம் சாயில் லேபில் கப்பைத் தட்டித் தட்டி எண்ணுகிறோமே, அந்த நீர் எல்லைதான். அடித்தளம் போடுகிறவன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் கட்டடம் இறங்கும். இன்னொன்று, உயிரோடு இருக்கும் டயாட்டங்கள் விடுகிற பசை சேற்றுத் துகள்களை ஒட்டிப் பிடித்து, தண்ணீர் அரித்துக்கொண்டு போகாமல் காக்கிறது. சம்பளம் வாங்காத கரைக் காவல்!

துறைமுகம் பற்றி: கப்பல்கள் பாரம் சரியாக நிற்பதற்காக ஒரு துறைமுகத்தில் தண்ணீரை ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் இறக்கும். அந்தத் தண்ணீரோடும் வண்டலோடும் நுண்பாசிகளின் உறங்கும் விதைகள் ஊர் விட்டு ஊர் போகும். சில பாசிகள் விஷம் உள்ளவை. அவற்றைத் தின்ற மட்டியை மனிதன் தின்றால் ஆபத்து. 1981-ல் தமிழ்நாட்டில் வாயலூரில் இப்படி மட்டி தின்றவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். கப்பல் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு, 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சுத்திகரிப்புக் கருவியைப் பொருத்துவதும் பராமரிப்பதும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களின் வேலைதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்கள் கொடுப்பது என்று கணக்கிடுகிறார்கள். ஐந்து மூச்சு விட்டால் ஒரு மூச்சு அவற்றின் உபயம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

மாணவர்கள் என்ற சொத்து

அய்யங்கார் தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஆர். சுப்பிரமணியன் 1946-ல் சென்னைக் கடலோர டயாட்டங்களைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். கே. ஆர். ராமநாதன் ஒரு பாசி வகுப்பைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ல் எழுதிய புத்தகம் உலகம் முழுவதும் போனது. அவரே 1980-களில் டயாட்டங்களின் படங்களைத் தொகுத்துப் பல பகுதிகளாக வெளியிட்டார். குருவின் பெயரால் 1953-ல் ஒரு பாசிக்கு அய்யங்காரியெல்லா என்று பெயரும் வைத்தார்.

1962-ல் இந்தியப் பாசியியல் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அய்யங்காரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 1963-ல், அவர் காலமானார். ஆனால் வேலை நிற்கவில்லை. வால்வாக்ஸ் வகையைப் பற்றி அவர் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் தேசிகாச்சாரி முடித்து, குருவின் பெயரை முதலில் போட்டு, 1981-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து ஒருவருடைய புத்தகம் வெளிவருகிறது என்றால், அவர் எப்படிப்பட்ட மாணவர்களைச் சம்பாதித்திருக்க வேண்டும்! நிலம், நகை சேர்ப்பதைவிட இது பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்கு என்ன சொல்கிறது?

நண்பர்களே, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பல பேருக்கு ஒரு எண்ணம் உண்டு. அறிவியல் என்பது எங்கோ வெளிநாட்டில், ஏ.சி. ரூமில், கோடி ரூபாய் மெஷினில் நடப்பது, நம் தெருவுக்கும் நம் குப்பத்துக்கும் அது வராது என்று. இந்த மனிதரின் வாழ்க்கை அதற்கு நேர் எதிர். அவர் பார்த்தது மழைக் குட்டையை, காய்ந்த வண்டலை, நாற்றமடிக்கும் கூவத்தை. கையில் இருந்தது ஒரு குப்பி, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு நோட்டு. கூடவே விடாப்பிடி.

நாமும் செய்யலாம். நம் கல்லூரியில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. மயிலாப்பூர் தெப்பக்குளம், அடையாறு முகத்துவாரம், பக்கிங்ஹாம் கால்வாய் எல்லாம் நடக்கிற தூரத்திலும் பஸ் தூரத்திலும் இருக்கின்றன. ஈரச் சேற்றின் மேல் லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளை விரித்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டால், டயாட்டங்கள் வெளிச்சத்தைத் தேடி அந்தத் தாளுக்குள் தாமாகவே ஏறி வந்துவிடும். அதை அலசி ஸ்லைடில் வைத்தால் போதும். மாதம் ஒரு தடவை, ஒரே இடம், தேதி போட்டு, படம் வரைந்து ஒரு ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். மார்க்குக்காக எழுதுகிற ரெக்கார்டு வைவா முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இந்த நோட்டு போகாது. அடுத்த வருஷத்து ஜூனியர் அதைத் தொடரட்டும், அதற்கடுத்தவர் தொடரட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஊருக்குள் வந்துபோனதை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு முன்பும் பின்பும் அந்தச் சேற்றில் எது இருந்தது என்று மாதா மாதம் எழுதிய ஒரு மாணவர் நோட்டு இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

சேர விருப்பம் உள்ளவர்கள் எந்தப் பிரிவாக இருந்தாலும் மாணவர் சங்க அறைப் பலகையில் பெயர் எழுதுங்கள். குப்பியும் தாளும் நான் கொண்டுவருகிறேன். எந்த நேரத்தில் தண்ணீர் வற்றும், எந்த இடத்தில் கால் புதையாது என்பதைத் தாத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

— மாணவன், மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு